அரைக்கண் கேப்டன்

அத்தியாயம் 7

“அரைக்கண்ணத் திறந்துக்கிட்டுத்தான் லேண்ட் பண்ணினேன். யாருக்குத் தெரியப்போகுது?”

சிவராஜின் செல்போனிலிருந்து வந்த பெண்குரல் ஒரு சிரிப்போடு நின்றது. லேக் மார்க்கெட்டில் அருணாசலத்தின் டிபன் கடை, காலை நெரிசல். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து, “அந்த அரைக்கண் கேப்டன்தானே?” என்று பெங்காலியில் கேட்டுவிட்டு மறுபடி சாம்பாரில் இறங்கினார்.

“பாத்தீங்களா மேடம்? ரெண்டே நாள்ல அந்தம்மா ஊருக்கே தெரிஞ்சுட்டாங்க. நான் இதே ஊர்ல பொறந்து வளந்தேன், எங்க பாடாவுல, என் சொந்தத் தெருவுலயே, பால்காரனுக்குக்கூட என் பேர் தெரியாது.”

“போன உள்ள வை,” என்றாள் சகுந்தலா.

ஐம்பதைத் தாண்டிய சகுந்தலா துப்பறிவதைத் தொழிலாக வைத்திருப்பவள். காப்பி ஆறிப்போனால் அவளுக்குக் கோபம் வரும். எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் வராது, ஆர்வம்தான் வரும். சிவராஜ் அவளுடைய உதவியாளன். இதே ஊரின் பெஹாலா பகுதியில் வளர்ந்தவன், தமிழில் பேசி பெங்காலியில் கோபப்படுகிறவன். வாய்க்குப் பூட்டு போடும் வித்தையை மட்டும் அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

செல்போன் குரலுக்குச் சொந்தக்காரி கேப்டன் அனன்யா, பூர்வா ஏர் விமானி. ஞாயிற்றுக்கிழமை மாலை இதே கடையில் மூன்று விமானிகள் டிபன் சாப்பிட்டார்கள். அனன்யா, அவளுடைய துணை விமானி ஆனந்த், போட்டிக் கம்பெனியான ஸ்கைமித்ராவின் கேப்டன், கோயம்புத்தூர்க்காரர் குமரவேல். மூவரும் ஒரே பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றவர்கள். மாதம் ஒருமுறை கூடி, யாருடைய கம்பெனி ஒழுங்காகப் பறக்கிறது என்று சண்டை பிடிப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. விதி ஒன்றே ஒன்று. போன்களெல்லாம் மேஜை நடுவே கவிழ்ந்து கிடக்க வேண்டும், பேசியது மேஜையைத் தாண்டக் கூடாது.

அன்றிரவே தாண்டிவிட்டது; அனன்யா பேசியதன் கிளிப் ஊர் போன்களிலெல்லாம் ஓடியது. மறுநாள் விடிகாலை டெல்லிக்குக் கிளம்பவேண்டிய விமானத்திலிருந்து அனன்யாவை இறக்கினார்கள். ஆபரேஷன்ஸ் தலைவர் ஸ்ரீநாத் விசாரணைக்கு உத்தரவு போட்டார். இன்று மாலை நாலு மணிக்கு அது. லைசென்ஸ் போனால் அனன்யாவின் வானம் அதோடு மூடிவிடும்.

கிளிப்பில் இருப்பது பாதிப் பேச்சு, மீதியை வெட்டிவிட்டார்கள் என்று சகுந்தலாவைத் தேடி வந்த அனன்யா சொல்கிறாள். நம்புவார் யாருமில்லை. முழு ஒலிப்பதிவை வைத்திருப்பவன் யாரென்று நாலு மணிக்குள் தெரிய வேண்டும்.

“சந்தேகத்துக்கு ஆள் ரெண்டே பேர்,” என்றான் சிவராஜ். “ஒருத்தர் போட்டிக் கம்பெனி, ஒருத்தர் சொந்தக் கம்பெனி. இதுக்கு எதுக்கு மேடம் நாம? பூவா தலையா போட்டாப் போதும்.”

அருணாசலம் கல்லாவை விட்டு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருஷம் ஆகியும் அவர் பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணிக் கரையிலேயே இருந்தது.

“எல்லாம் நெனவிருக்கும்மா. அந்தக் கோயம்புத்தூர் சார்தான் ரொம்பச் சத்தம். ‘தப்பு நடந்தா நீங்க ஆளத் தேடுவீங்க, நாங்க காரணத்தத் தேடுவோம்’னு சொன்னாவ. அதுக்கு இந்தம்மா, ‘அது உங்க ஆபீஸ் செவத்துல ஒட்டுன போஸ்டரு’ன்னு ஒரு போடு போட்டாவ. சிரிப்பாணி தாங்கல.”

“சண்டையா, கிண்டலா?”

“அதுல பாதி, இதுல பாதி.”

“என்ன சாப்பிட்டாங்க?”

“அத ஏன் கேக்கிய, அன்னைக்கு வம்பே அதுலதான். ஞாயித்துக்கிழம சாயங்காலம் பொங்கல் போடுவேன். மிச்சம் கெடந்தது ரெண்டே பிளேட்டு. அந்த மேஜைக்கு எப்பமும் ஒண்ணுதான் போவும். இன்னொண்ண காளிகாட்லேந்து வார ஒரு குடும்பத்துக்குன்னு நெனச்சிருந்தேன். அன்னைக்குப் பாத்து ரெண்டும் போயிட்டு. அந்த வீட்டம்மா என்னைய நாலு பேரு முன்னால நாறடிச்சிட்டாவ.”

“கோயம்புத்தூர் சார் பொங்கல் சாப்பிட்டாரா?”

“அவரா? ‘பூர்வாக்காரங்க பொங்கல் தின்னுட்டுத் தூங்கட்டும், எனக்கு ரவா தோசை’ன்னுட்டாரு.”

சிவராஜ் மேஜையைத் தட்டினான். “தூக்கத்தப் பத்தி அப்பவே கிண்டல் பண்ணியிருக்கார். ராத்திரி தூக்கத்தப் பத்தியே கிளிப் வருது. கேஸ் முடிஞ்சுது மேடம், நான் இன்னொரு வடை சாப்பிடலாமா?”

“வடை சாப்பிடு. கேஸ் முடியல,” என்றாள் சகுந்தலா.

*

குமரவேல் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நடைப்பயிற்சியில் இருந்தார். கூடவே ஸ்கைமித்ராவின் இளம் துணை விமானி ஒருவர், கையில் ஜால்முரி என்னும் காரப்பொரிப் பொட்டலத்தோடு. சகுந்தலா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் குமரவேலின் நடை நின்றது.

“நானா பண்ணுனேன்னு கேக்க வந்தீங்களாக்கு?”

“லாபம் உங்க பக்கம்தானே? பூர்வாவுல டிக்கெட் எடுத்தவங்க உங்க விமானத்துக்கு மாறறாங்களாம்.”

“எங்க மார்க்கெட்டிங்காரன் சந்தோசமா இருக்கறானுங்க. எனக்கு வயிறு எரியுது.” குமரவேல் குரலை உயர்த்தவில்லை, ஆனால் அவர் முகம் சிவந்தது. “போன மாசம் அந்தப் புள்ள அவங்க கம்பெனியில ஒரு புகார் குடுத்துச்சு. ராத்திரி டூட்டிய இப்பிடி அடுக்கடுக்காப் போட்டா ஓட்டறவன் தூங்கிருவான், ஒரு நாள் தூங்கியும் போயாச்சுன்னு. இப்ப அந்தப் புள்ளைக்கே இந்த கதி. நாளைக்கு எங்க பசங்க எவனாச்சும், எனக்குக் களைப்பா இருக்குதுன்னு வாயத் தொறப்பானுங்களா? வாய மூடிக்கிட்டு ஓட்டறவனக் கண்டாத்தானுங்க எனக்குப் பயம்.”

“தப்பு நடந்தா காரணத்தத் தேடறது நீங்கன்னு கடையில சொன்னீங்களாமே.”

“சொன்னேன். அந்தப் புள்ள சொன்னதுதான் நெசம். போட்டியெல்லாம் போஸ்டர் ஒட்டறதுலதான். ராத்திரி டூட்டி ரெண்டு பக்கமும் ஒண்ணுதானுங்க.”

சகுந்தலா அவரையே பார்த்தாள். நல்ல நடிகனும் இப்படிப் பேசலாம். வயிறு எரிகிறது என்று சொல்கிறவனெல்லாம் யோக்கியன் என்றால் அவளுக்குத் தொழிலே இருந்திருக்காது. மணி ஏறிக்கொண்டிருந்தது. கையில் பிடிக்க ஒரு நூல்கூட இல்லை.

ஜால்முரிக்காரர் புதிதாக ஒரு பொட்டலம் மடித்து குமரவேலிடம் நீட்டினார். குமரவேல் துணை விமானியின் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையசைத்தார்.

“கேப்டன் சார், ஏரிக்கரைக்கு வந்து ஜால்முரி வேண்டாம்னா இந்த ஊர்ல ஜாமீன்கூடக் கிடைக்காது,” என்றான் சிவராஜ்.

“சாயங்காலம் நானும் இவரும் ஒண்ணா கௌஹாத்தி போறோமுங்க. கூடப் பறக்கறவன் தின்னத நான் திங்க மாட்டேன். ஒரே சட்னி ரெண்டு பேரு வயித்தயும் கலக்குச்சுன்னா பிளேன யாரு எறக்கறது? மேல குடுக்கற சாப்பாடும் அப்பிடித்தான், ஆளுக்கு ஒண்ணு. கொஞ்சம் கவனமா இருக்கறவங்க மொத நாள்லருந்தே பாத்துக்குவோம்.”

சகுந்தலா மெதுவாகக் கேட்டாள். “இது எல்லாக் கம்பெனியிலயும் உண்டா?”

“ரெண்டு கம்பெனியும் சண்டை போடாத ஒரே விசயம் அதுதானுங்க.”

சகுந்தலா அங்கேயே நின்று அனன்யாவை அழைத்தாள். மறுமுனையில் தூங்காத குரல்.

“திங்கட்கிழமை டெல்லி விமானத்துல உங்களோட பறக்க வேண்டியவர் யாரு?”

“ஆனந்த். ஏன் மேடம்?”

“அவருக்குப் பொங்கல் பிடிக்குமா?”

அனன்யா அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தாள். “உயிர். ஆனா மறுநாள் என்கூட டூட்டின்னா அவனுக்குக் கிடைக்காது. நான் மொதல்ல ஆர்டர் பண்ணிடுவேன், பாவம் இட்லி சாப்பிடுவான்.”

போனை வைத்தவள் ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினாள். “காளிகாட்.”

“கோயிலுக்கா மேடம்? அவ்ளோ மோசமாவா இருக்கு நம்ம நெலமை?” என்றான் சிவராஜ். சகுந்தலா ஏறி உட்கார்ந்தாள். அவள் பதில் சொல்லாதபோது வாயை மூடிக்கொள்வது நல்லது என்று அவனுக்கே தெரியும். அடுத்த சிக்னல் வரை மூடியிருந்தான்.

*

காளிகாட் சந்து ஒன்றில் சங்கு வளையல் கடைக்கு மேல் மாடியில் ஆனந்தின் வீடு. முப்பது வயதுகூட நிரம்பாத, நேராக நிற்கிற பையன். சுவரோரம் விமானத்துக்கு எடுத்துப்போகும் பை, அதன் மேல் மடித்து வைத்த யூனிஃபார்ம். நாலு மணி விசாரணைக்கு அவனும் சாட்சியாகப் போகவேண்டியிருந்தது.

“குமரவேல் சார்தான் மேடம், எனக்குச் சந்தேகமே இல்ல,” என்றான். “அவங்க கம்பெனிக்கு எங்களக் கவுக்கணும். அனன்யா மேடம் மாட்டிக்கிட்டாங்க.”

“இருக்கலாம். ஞாயித்துக்கிழம நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“பொங்கல்.”

“அனன்யா?”

“அவங்களும் பொ...”

வார்த்தை பாதியில் நின்றது. சிவராஜுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஆனந்த் விமானி, அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சகுந்தலா பொறுமையாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறுநாள் விடியறதுக்குள்ள அவங்களும் நீங்களும் ஒரே காக்பிட்ல உக்கார வேண்டியவங்க,” என்றாள் சகுந்தலா. “இத்தன நாளும் அவங்க பொங்கல்னா நீங்க இட்லி. அன்னைக்கு மட்டும் பழக்கம் ஏன் மாறிச்சு? சண்ட மும்முரத்துல அவங்க அதக் கவனிச்சிருக்க மாட்டாங்க. மறுநாள் அவங்க பறக்கப் போறதில்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. அப்ப கிளிப் வெளிய வரவேயில்ல, அதுக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்துது. அது எப்படி?”

“பசிச்சுது, சாப்பிட்டேன்.”

“சரி.”

“இதெல்லாம் ஒரு சாட்சியா மேடம்? பொங்கல் சாப்பிட்டான்னு எந்தக் கோர்ட்ல சொல்லுவீங்க?”

“எந்தக் கோர்ட்லயும் நிக்காது. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”

வெளியே கோயில் மணிச்சத்தமும் யாரோ பூசாரியோடு பேரம் பேசும் சத்தமும் கலந்து வந்தன. ஆனந்த் ஜன்னலைச் சாத்தினான். சாத்திவிட்டுத் திரும்பியபோது அவன் குரல் மாறியிருந்தது.

“நீங்க பைலட்டா மேடம்?”

“இல்ல. நல்லாச் சாப்பிடறவ.”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். “போன மாசம் தூங்கினது நான்தான். ராத்திரி டூட்டிக்கு மேல ராத்திரி டூட்டி. இறங்கற நேரத்துல கண்ணு சொருகிடுச்சு. கண்ண முழிச்சுப் பாத்தா சக்கரம் தரையில ஓடுது. மேடம் தனியா இறக்கியிருந்தாங்க. ஒரு வார்த்த திட்டல. ‘வீட்டுக்குப் போய்த் தூங்கு’ன்னாங்க. நான் அவங்கள கடவுளா நெனச்சேன். அப்புறம் ஸ்ரீநாத் சார் கூப்பிட்டார்.”

“என்ன சொன்னார்?”

“அனன்யா புகார் குடுத்திருக்கா, தூங்கினது நீன்னு உன் பேரச் சொல்லிட்டா, உன் லைசென்ஸ் போச்சுன்னு. அவ சொல்ற எதுவும் எடுபடாமப் போனாத்தான் நீ தப்பிப்பே, அடுத்த வருஷம் கேப்டனும் ஆவேன்னு. வீட்ல நான் ஒருத்தன்தான் மேடம் சம்பாதிக்கிறேன். எனக்கு அவங்க மேல ஆத்திரம். முன்னால நின்னு சிரிச்சுட்டு முதுகுல குத்திட்டாங்களேன்னு. போனத்தானே கவுத்து வைக்கணும்? பையில கம்பெனி டேப்லெட் இருந்துது. விடியறதுக்குள்ள அவங்கள விமானத்துலேந்து இறக்கிடறேன்னு ஸ்ரீநாத் சார் முன்னாலயே சொல்லியிருந்தார். பதிவு பண்ணிக் குடுத்தேன். வெட்டினது அவங்க.”

“முழுசும் இருக்கா?”

ஆனந்த் பையை மட்டும் ஒருமுறை பார்த்தான். பிறகு, “குடுத்தா நான் முடிஞ்சேன். அவங்க மட்டும் என்னக் காப்பாத்தினாங்களா?” என்றான்.

சிவராஜ் பல்லைக் கடித்தான். சகுந்தலா அவனைக் கண்ணாலேயே அடக்கிவிட்டுத் தன் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள். ஆனந்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

“அனன்யா, இன்னும் ஒரே கேள்வி. போன மாசம் தூங்கினது யாருன்னு ஸ்ரீநாத் உங்களக் கேட்டாரா?”

“கேக்காம? புகார்ல நான் பேரோ தேதியோ எழுதல. ஒவ்வொரு தடவ கூப்பிடறப்பவும் அதான். பேரச் சொல்லு, இல்லேன்னா உன்னையே கவனிச்சுக்கறேன்னு.”

“சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன்? சொல்லியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்களே.”

“பேரக் குடுத்தா அந்தப் பையன அனுப்பிட்டு ஃபைல மூடிடுவாங்க மேடம். அந்த டூட்டி அட்டவணை அப்படியே இருக்கும். அடுத்து வேற ஒருத்தன் தூங்குவான், அவன் பக்கத்துல முழிச்சிருக்க ஆள் இருக்கணும்னு கட்டாயமா? யாருன்னு கேக்கறத விட்டுட்டு ஏன்னு கேளுங்கன்னுதான் நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஆனந்த்கிட்டக்கூட இதச் சொல்லல. சொன்னா குறுகிப் போயிடுவான். நல்ல பையன்.”

சகுந்தலா போனை அணைத்தாள்.

ஆனந்த் அழுவான் என்று சிவராஜ் எதிர்பார்த்தான். அழவில்லை. எழுந்து போய், பையின் மேலிருந்த யூனிஃபார்மை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான். அவமானம் என்றால் இதுதான் என்று சிவராஜுக்குத் தோன்றியது. பார்க்கப் பிடிக்காமல் அவன் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அனன்யாவின் குரல் கேட்டது. டேப்லெட்டிலிருந்து.

“‘அரைக்கண்ணத் திறந்துக்கிட்டுத்தான் லேண்ட் பண்ணினேன். யாருக்குத் தெரியப்போகுது?’ இப்படி நாம சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கற அன்னைக்குத்தான், குமரவேல், ஒரு பிளேன் விழும். உன் கம்பெனி, என் கம்பெனின்னு அது பாக்காது.”

*

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது பூர்வா ஏர் அலுவலகம். நகரத்தைக் குறுக்கே கடந்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு மணியை நெருங்கிவிட்டது. விசாரணை அறையின் வெளியே அனன்யா யூனிஃபார்ம் இல்லாமல், சாதாரண பருத்திப் புடவையில் நின்றிருந்தாள். ஆனந்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவன் டேப்லெட்டை நீட்டியதும் அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

“நீயா?”

“ஆமா மேடம்.”

“என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா.”

“நீங்க என் பேரச் சொல்லிட்டதா சொன்னாங்க. நம்பிட்டேன்.”

அனன்யா தலையைத் திருப்பிக்கொண்டாள். சிவராஜ் முதல்முறையாக அவள் கண்களைக் கவனித்தான். ஊரே அரைக்கண் என்று கேலி செய்த அந்தக் கண்கள் முழுதாகத் திறந்து நிரம்பியிருந்தன.

“இனிமே உன்கூட நான் பறக்க மாட்டேன், ஆனந்த்,” என்றாள். “ஆனா உன்ன அவங்க கையில தூக்கிக் குடுக்கவும் மாட்டேன். உள்ள போய் என்ன சொல்லணுமோ அது உன் இஷ்டம்.”

கதவு திறந்தது. இருவரும் உள்ளே போனார்கள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று காவலாளி சகுந்தலாவையும் சிவராஜையும் நிறுத்தினார். அதிர்ஷ்டவசமாக அந்தக் கதவு பாதி கண்ணாடி, பாதி மரம். ஒழுங்காகச் சாத்தவும் இல்லை.

உள்ளே ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஸ்ரீநாத், நரைத்த மீசையும் தங்கப் பட்டையுமாக. முழு ஒலிப்பதிவு ஓடியது. ஓடி முடிந்தபோது நடுவில் இருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“இது வேற மாதிரி இருக்கே. யார் பதிவு பண்ணினது?”

“நான் சார்,” என்றான் ஆனந்த். “எங்கிட்ட கேட்டவர் இந்த அறையிலதான் இருக்கார். அத அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னால, போன மாசம் விமானத்துல தூங்கினதும் நான்தான்.”

அறைக்குள் சலசலப்பு. பெரியவர் பேனாவை எடுத்து அவன் பேரைக் குறித்துக்கொண்டார். இத்தனை நாளாகத் தேடிய ஆள் கையில் கிடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பேனாவை மூடப் போனார்.

“மூடாதீங்க சார்,” என்றாள் அனன்யா. “யார்னு கேட்டீங்க, பதில் வந்துடுச்சு. இப்ப அடுத்ததக் கேளுங்க. அவன் ஏன் தூங்கினான்? அந்த மாச அட்டவணையப் போட்டது யாரு?”

பேனா திறந்தபடியே நின்றது. ஸ்ரீநாத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லோரும் ஸ்ரீநாத்தைப் பார்த்தார்கள்.